மணல் திட்டில் இரண்டு வேட்பாளர்கள்

—இன்னும் பதினாறு மணி நேரம், த்ராவோரே! பதினாறே மணி நேரம்! நீ என்னடான்னா கோலாக் கொட்டையை மென்னுக்கிட்டு ஆத்தைப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டிருக்கே!

—உனக்குத்தான்டா பதினாறு மணி நேரம், ஜாரா. எனக்கென்ன அவசரம்? என் ஓட்டுச் சீட்டெல்லாம் நேத்தே வெள்ளைக்காரத் துரையோட ஜீப்புல போயாச்சு. அக்கரையில நாலு ஊர்லயும் மேசை மேல அடுக்கி வெச்சாச்சு. பச்சைப் பசேல்னு.

—பச்சைதானே. ஆடு மேஞ்சிடப் போகுது, பார்த்துக்கோ.

—உன் மஞ்சச் சீட்டு எங்கே இருக்கு? இதோ, என் காலுக்குக் கீழே, தகரப் பெட்டியில, ஆத்துக்கு நடுவுல, மணல்ல. அடடா! காலையில ஓட்டுப் போட வர்ற சனங்க மஞ்சளைத் தேடுவாங்க. இருக்கிறது பச்சை மட்டும்தான். இருக்கிறதை எடுத்துப் போட்டுட்டுப் போவாங்க.

—பெட்டி மேலேர்ந்து காலை எடு. எடுடா! ஸிபிரி, என்னப்பா ஆச்சு? தள்ளு!

—தள்ளிக்கிட்டேதான் இருக்கேன் வாத்தியாரே. கழி மணல்ல புதையுதே ஒழிய படகு அசையல. தண்ணி மேல சத்தியமா, இங்கே அரை முழம் ஆழம்கூட இல்லீங்க.

—இருபது வருஷமா இந்த ஜோலிபா ஆத்துல படகு விடறே. உங்க பரம்பரைக்கே ஒவ்வொரு மணல் திட்டும் சொந்தக்காரன் மாதிரி. இன்னிக்குப் பார்த்தா கண்ணு தெரியாமப் போச்சு?

—கோடைத் தண்ணிங்க. நேத்து இருந்த இடத்துல இன்னிக்குத் திட்டு இருக்கிறதில்ல.

—அவனை ஏன்டா பிடுங்கறே? உன் கனம்தான் காரணம். ஐம்பது வயசுல அரைக்கால் சட்டை, கழுத்துல ஸ்கவுட் ஸ்கார்ஃப், இடுப்புல கத்தி, குவளை, கயிறு. நீ என்ன வேட்பாளரா, பாத்திரக் கடையா?

—உன் அங்கி மட்டும் என்ன? அதுல இருக்கிற கஞ்சியைக் காய்ச்சினா ஒரு ஊருக்கே சோறு போடலாம். காராமணி தின்னி!

—நீதான் காராமணி தின்னி! உங்க தாத்தாவை எங்க தாத்தா ஒரு படி காராமணிக்கு வாங்கினார், ஞாபகம் இருக்கட்டும். இன்னும் அந்த ஒரு படிக்கே நீ உழைச்சுத் தீர்க்கல.

—உங்க தாத்தா வாங்க வர்ற வழியிலேயே அந்தக் காராமணியைப் பச்சையாத் தின்னுட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல உருண்டாராம். எங்க பாட்டன் சொல்வார்.

—ஐயா, ரெண்டு பேரும் உருண்டு புரளாம உக்காருங்க. படகு ஒரு பக்கமாச் சாயுது.

—சரி, கேளு த்ராவோரே. ஒண்ணு புரியல எனக்கு. ஊர்ல இருக்கிற படகையெல்லாம் ஓட்டுப் பெட்டி கொண்டுபோகணும்னு துரை காலையிலேயே எடுத்துக்கிட்டான். மிச்சம் இருந்தது ஸிபிரியோட இந்தப் படகு ஒண்ணுதான். ஓடி வந்து பார்த்தா, நீ நடுப்பலகையில அங்கியை விரிச்சு உக்காந்திருக்கே. உன் சீட்டுதான் போயாச்சே, நீ எதுக்கு அக்கரைக்கு?

—மாமியாரைப் பார்க்க.

—உன் மாமியார் செத்து ஆறு வருஷம் ஆச்சுடா. குழி வெட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்.

—அதான், ஆறு வருஷமா போய்ப் பார்க்கவே இல்லையேன்னு மனசு உறுத்துது.

—சீ! வெக்கம் கெட்டவனே.

—நீ மட்டும் அந்தக் குழியில இறங்கிப் படுத்துக்கிட்டு, 'த்ராவோரே வீட்டு இடமெல்லாம் ஜாராவுக்குத்தான் சொந்தம், எழுந்திருக்க மாட்டேன்'னு அடம் பிடிக்கலையா? என் பெண்டாட்டி அழுதுக்கிட்டே சிரிச்சாளே!

—அது என் கடமை. எங்கப்பா சாவுல நீ பாடையைத் தூக்க விடாம, 'கெழவர் தூங்கறார், தண்ணி தெளிச்சு எழுப்புங்க'ன்னு கத்தினியே, அது மாதிரி.

—அது என் கடமை. நம்ம ரெண்டு குலமும் ஒண்ணையொண்ணு கேலி பண்ணியே ஆகணும்ங்கிறது பாட்டன் காலத்து முறை. ஜாரா வீட்டுச் சாவுல த்ராவோரே வாயை மூடிக்கிட்டு நின்னா அது சாவா?

—பேசிப் பேசியே பொழுதை ஓட்டறான் பாரு. ஸிபிரி, கரை இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?

—கூப்பிடு தூரம்தாங்க. ஆனா திட்டு அதோ அந்த நுரை வரைக்கும்தான். அப்புறம் ஆழம். நீரோட்டமும் இருக்கு.

—எவ்வளவு ஆழம்?

—த்ராவோரே ஐயாவுக்குக் கழுத்து வரைக்கும் வரும்.

—எனக்கு?

—வாத்தியாரே... உங்களுக்கு ஸ்கார்ஃப் மட்டும் மேல மிதக்கும்.

—ஹஹா! நல்லாச் சொன்னேடா ஸிபிரி!

—அப்ப நெட்டைக்கொக்கே, நீ எடுத்துட்டுப் போயேன். பெட்டியைத் தலையில வெச்சு நாலே எட்டு. கரையில வெச்சிடு. அங்கேர்ந்து நாலு ஊருக்கும் நானே நடந்துக்கறேன். பொழுது விடியறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

—என்னை எதிர்த்து நிக்கிறவனோட சீட்டை என் தலையில நானே சுமக்கவா? எவனாவது பார்த்துத் துரை காதுல போட்டான்னா? முப்பது வருஷம் துரை கச்சேரி ஆபீஸுல மொழிபெயர்ப்பாளனா முதுகு வளைச்சிருக்கேன்டா. அந்த முதுகை ஒரே நாள்ல உடைச்சிடுவான்.

—சரி, விடு. நானே போறேன்.

—எங்கே? டேய்! ஜாரா! பெட்டியோடயா இறங்கறே?

—வழி விடு.

—வாத்தியாரே, வேணாங்க! நுரைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க!

—விடுடா ஸிபிரி, பார்ப்போம். பாரு, கணுக்கால்... முழங்கால்... அட, வாத்து மாதிரி போறான் பாரு! இடுப்பு. இப்ப மார்பு. ஜாரா! போதும்டா, திரும்பு!

—இன்னும்... கொஞ்சம்தான்...

—கழுத்து! டேய், திரும்பு! மூக்கு! ஸிபிரி, கழி! நானும் இறங்கறேன், கழியை நீட்டு!

—பெட்டி மெதக்குதுங்க! பிடிச்சிட்டேன்! ஆளு எங்கே?

—இதோ இங்கே இருக்கான்! வாடா மேல! வா! இழு ஸிபிரி! தோள்பட்டையைப் பிடி! ஹ்ம்! கவுத்துப் போடு, தண்ணியைக் கக்கட்டும்.

—...பெட்டி... பெட்டி...

—இருக்குடா உன் பெட்டி. ரெண்டு கையாலயும் அதையே பிடிச்சுக்கிட்டிருந்தா எப்படிடா நீந்துவே? முதல்ல மூச்சு விடு.

—சீட்டு... நனைஞ்சிருக்காது... மெழுகுத் துணியில சுத்தி... ரெண்டு கட்டு கட்டியிருக்கேன்...

—சாகற நேரத்துலயும் கட்டைப் பத்திப் பேசறான் பாரு! முப்பது வருஷமா கழுத்துல சுத்திக்கிட்டு அலையறியே இந்த ஸ்கார்ஃப், இன்னிக்குத்தான் அதுக்கு ஒரு உபயோகம். அதைப் பிடிச்சுத்தான் தூக்கினேன்.

—ஏன் தூக்கினே? விட்டிருந்தா நாளைக்கு உனக்குப் போட்டியே இல்ல.

—ஜாரா முங்கறதை த்ராவோரே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா, அப்புறம் என் தொண்டையில ஒரு வாய் தண்ணி இறங்குமாடா? உன்னை நான் கழுதைன்னு சொல்லலாம், திருடன்னு சொல்லலாம். சாக விட முடியாது. என் அங்கியெல்லாம் போச்சு, பாரு.

—த்ராவோரே ஐயா, அங்கே பாருங்க. கரையில.

—என்ன?

—காக்கிச் சட்டைங்க. ஒண்ணு, ரெண்டு... நிறைய.

—என் பசங்க! நான் விழுந்ததைப் பார்த்துட்டாங்க போலிருக்கு!

—உன் ஸ்கவுட் பசங்களா? அவங்க இங்கே என்ன பண்றாங்க, தேர்தல் சமயத்துல?

—தேர்தல் சமயம்னுதான்டா அனுப்பினேன். ஊர்ல விட்டா எங்க கட்சிக்காரங்களே ஆளுக்கொரு கட்டு நோட்டீஸைக் கையில திணிச்சிடுவாங்க. ஒரு வாரம் காட்டுல கூடாரம் போட்டு, களி கிண்டித் தின்னுட்டு, பறவை பேரெல்லாம் எழுதிக்கிட்டு இருக்கட்டும்னு அக்கரைக்கு அனுப்பி வெச்சேன். நாற்பது பேர்.

—ஒருத்தன் பாறை மேல ஏறி நின்னு கொடி ஆட்டறான்.

—படி பார்ப்போம். உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகுது!

—எனக்கா? நீ இந்தப் படையை ஆரம்பிச்ச வருஷம், முதல் அணியில, கொடிச் சைகையில முதல் பரிசு யாருக்கு? உன்கூட ஒண்ணா நின்னு உறுதிமொழி எடுத்தவன்டா நான். இரு... 'உ... த... வி... வே... ணு... மா.' உதவி வேணுமான்னு கேக்கறான்! ஜாரா, உன் அதிர்ஷ்டம்டா! வேணும்னு சொல்லு!

—சொல்ல மாட்டேன்.

—என்னடா இவன்! நாற்பது பயலுக. கயித்தைப் பிடிச்சு வரிசையா நின்னா, பத்து நிமிஷத்துல நீயும் கரையில, பெட்டியும் கரையில. நாலு ஊருக்கும் பத்துப் பத்துப் பேரா ஓடினா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடியே உன் மஞ்சள் மேசைக்குப் போயிடும்!

—அந்தப் பெட்டியைப் பசங்க தொடக்கூடாது.

—ஏன், கடிக்குமா?

—கேளு த்ராவோரே. ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் போயிருக்கேன். முற்றத்துல பாயில உக்காந்து, அவங்கம்மா குடுத்த தண்ணியை வாங்கிக் குடிச்சிட்டு, 'உங்க பிள்ளையை எனக்குக் குடுங்க, நீந்தவும் நடக்கவும் நிஜம் பேசவும் சொல்லித் தரேன், என் அரசியலுக்கு அவனைத் தொட மாட்டேன்'னு சொல்லியிருக்கேன். நாற்பது வீடு. நாற்பது குவளைத் தண்ணி.

—அவங்கம்மாங்க இப்ப இங்கே எட்டிப் பார்க்கிறாங்களா?

—எல்லா நேரமும்.

—உங்க கட்சிக்காரங்க என்ன சொன்னாங்க?

—நேத்துக் கூட்டத்துல செயலாளர் மேசையைக் குத்தினான். 'நாற்பது ஜோடிக் கால் அக்கரையில சும்மா கிடக்கு, நீ ஒத்தைப் பெட்டியோட கிளம்பறேங்கறியே'ன்னு. முடியாதுன்னேன். 'அப்ப நீயே சுமந்துட்டுப் போ, தோத்தா அடுத்த தடவை உனக்கு இடம் கிடையாது'ன்னுட்டான்.

—அவன் சொன்னதுல என்ன தப்பு? போன தடவை முப்பத்தொரு ஓட்டுல தோத்தே. இந்த நாலு ஊரும் உன் ஊரு. இதுவும் போச்சுன்னா நீ சட்டசபையை வெளியிலேர்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கூப்பிடுடா!

—உனக்கேன்டா இவ்வளவு அக்கறை?

—அக்கறையா? நீ அந்தப் பயலுக முன்னால ஈரக் கோழி மாதிரி கரையேறறதைப் பார்க்கணும். அதான்.

—வாத்தியாரே, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா...

—நீ கழியைப் பாரு ஸிபிரி.

—இல்லீங்க த்ராவோரே ஐயா, நான் சும்மா...

—கழியைப் பாருன்னேன்.

—அவனை ஏன்டா விரட்டறே? என்ன ஸிபிரி?

—ஒண்ணும் இல்ல வாத்தியாரே. தண்ணி இறங்கிக்கிட்டே போகுது. அவ்வளவுதான்.

—ஜாரா, எனக்கு ஒண்ணு சொல்லு. பள்ளிக்கூட வாத்தியாரா நிம்மதியா இருந்தே. எதுக்குடா இந்த வேலையெல்லாம்? சுதந்திரம் வேணும்னு பேசினே, வெள்ளைக்காரன் உன்னை வடக்கே மணல் காட்டுக்கு மாத்தினான். அங்கேயும் ஒட்டகம் மேய்க்கிற பசங்களைச் சேர்த்து ஒரு படை ஆரம்பிச்சே. திரும்பி வந்து கட்சி ஆரம்பிச்சே, உள்ள தள்ளினான். ஜெயில்ல கைதிங்களுக்கு முடிச்சுப் போடக் கத்துக் குடுத்தியாமே? ஜெயிலர் பயந்துபோய்க் கிணத்துக் கயித்தைக்கூடப் பூட்டி வெச்சானாம்.

—ஹஹா! ஒரு வாரம் யாருக்கும் குளிக்கத் தண்ணி இல்ல. எல்லாரும் என்னைத்தான் ஏசினாங்க.

—பசங்களோட ஓடியாடிக்கிட்டே இருந்திருக்கலாமேடா. அரசியல் எதுக்கு?

—பசங்களாலதான்டா அரசியல். படை ஆரம்பிச்ச மூணாவது வருஷம். காலையில கொடியேத்தினோம். எல்லாரும் விறைப்பா சல்யூட் அடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. குட்டிப் பயல் ஒருத்தன், புதுசாச் சேர்ந்தவன், கையை இறக்காமலே கேட்டான். 'ஐயா, இது யாரோட கொடி?'ன்னு.

—நீ என்ன சொன்னே?

—'பேசாதே, நேரா நில்லு'ன்னேன். அவன் நேரா நின்னான். எனக்குத்தான்டா அன்னிக்குலேர்ந்து நேரா நிக்க முடியல.

—இந்தா, ஒரு கோலாக் கொட்டை. மெல்லு.

—என்ன, திடீர்னு உபசாரம்? காராமணி தீர்ந்துபோச்சா?

—அதெல்லாம் இல்ல. மறுபடியும் கொடி ஆட்டறான். 'ப... தி... ல்.' பதில் கேக்கறான். சொல்லித் தொலை!

—சொல்லல. சும்மா இருந்தா அவங்களே போயிடுவாங்க.

—போறாங்களா? நல்லாப் பாரு! குனிஞ்சு என்னமோ பண்றாங்க... ஸிபிரி, உன் கண்ணு கூர்மை. என்னது அது?

—சுரைக்குடுவைங்க. பெரிய பெரிய குடுவையா வரிசையா வெச்சு மரக்கிளையைப் போட்டுக் கட்டறாங்க. தெப்பம் கட்டறாங்க வாத்தியாரே!

—தெப்பமா? எவன் கட்டச் சொன்னது!

—நீதான்! ரெண்டு தடவை கேட்டும் பதில் வரலைன்னா ஆபத்துன்னு வெச்சுக்கணும், மூணாவது தடவை கேக்காம உதவிக்குப் போகணும்னு நீதானேடா சொல்லிக் குடுத்தே! எனக்கே சொல்லிக் குடுத்திருக்கியே!

—ஐயோ, ஆமா.

—ஹஹா! மாட்டிக்கிட்டான் பாரு வாத்தியார்!

—ஆனா பாருடா த்ராவோரே... அந்தக் கட்டைப் பாரு. குறுக்குக் கட்டு எப்படி இழுத்துக் கட்டறான்! ரெண்டு பேர் கயித்தைப் பிடிக்கிறான், ஒருத்தன் மிதிக்கிறான். ஒரு சத்தம் இல்ல, ஒரு அடிதடி இல்ல!

—பெருமைப்பட்டது போதும். இப்ப உனக்குக் கவலையே இல்ல. நீ கூப்பிடல. அவங்களா வர்றாங்க. நாற்பது குவளைத் தண்ணியும் பத்திரம். கண்ணை மூடிக்கிட்டு உக்காரு.

—ஆமாங்க வாத்தியாரே... அப்படியும்... வெச்சுக்கலாங்க.

—உன் குரல் ஏன் இப்படி நடுங்குது ஸிபிரி?

—குளிருதுங்க.

—இந்த வெயில்லயா?

—தெப்பத்தைத் தண்ணிக்கு இழுத்துட்டாங்க! ஆறு பேர் ஏறறான்! ஜாரா, ஜெயிச்சிட்டடா! அக்கரையில மஞ்சள்! நாலு ஊர்லயும் மஞ்சள்! என் பச்சையை ஆடு மேயப் போகுது! உக்காரு, உக்காரு, ஒரு வார்த்தை பேசாதே!

—பேசாம இருந்தா போதும்... இல்ல?

—அவ்வளவுதான்டா! ஒண்ணுமே பண்ண வேணாம்!

—இவ்வளவு சுலபமா?

—இவ்வளவு சுலபம்!

—உன் தொப்பியைக் குடு.

—எதுக்கு?

—குடுடா. வெள்ளையா இருக்கு, தூரத்துக்குத் தெரியும். இன்னொரு கையில என் ஸ்கார்ஃப். நகரு, எழுந்து நிக்கணும். ஸிபிரி, படகை ஆடாமப் பிடி.

—என்ன அனுப்பப் போறே? சீக்கிரம் வாங்கன்னா?

—முதல் பரிசு வாங்கினவன்தானே, படி.

—'நி... று... த்... து.' டேய்! 'யா... ரு... ம்... வ... ர... வே... ண்... டா... ம்.' ஜாரா! பைத்தியமாடா உனக்கு? கையை இறக்கு!

—கையை விடு த்ராவோரே.

—'மு... கா... மு... க்... கு... த்...' திரும்பச் சொல்றான்! ஸிபிரி, இவன் திரும்பிப் போகச் சொல்றான்!

—பார்க்கிறேங்க. தண்ணி மேல சத்தியமா, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

—அந்தப் பையன் என்ன பதில் அனுப்பறான்? எனக்கு வெயில் கண்ணைக் கூசுது.

—'பெ... ட்... டி.' அப்புறம் கேள்விக்குறி. பெட்டி என்னாகும்னு கேக்கறான். அது என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கறான்டா. அவனுக்கும் நீ ஜெயிக்கணும்னு ஆசை.

—அதனாலதான் அவன் அதைத் தொடக்கூடாது. 'மு... கா... மு... க்... கு.' மறுபடியும் அனுப்பறேன். விசிலையும் ஊதறேன். மூணு தடவை.

—இறங்கறாங்க. தெப்பத்தை இழுத்துப் போட்டுட்டாங்க. முதல் வரிசை திரும்புது... ரெண்டாவதும். அந்தக் கொடிக்காரன் மட்டும் பாறை மேலேயே நிக்கிறான்.

—இன்னொரு தடவை ஊதறேன்.

—போறான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போறான். மரத்துக்குப் பின்னால போயிட்டான். காக்கி ஒண்ணும் கண்ணுல படல.

—சரி. முடிஞ்சுது. நாளைக்கு நாலு ஊர்லயும் மேசை மேல பச்சை மட்டும். போ, சந்தோஷமாப் போய் உன் மாமியாரைப் பாரு.

—வருத்தமா இருக்கா?

—அழுகையா வருது. இந்தப் பக்கம் பார்க்காதே.

—பார்க்கல.

—பார்க்கிறே.

—பார்க்கலடா அரைக்கால் சட்டை. ஸிபிரி, இந்தா, என் அங்கியைப் பிடி. சுருக்கம் விழாம மடிச்சு வை.

—த்ராவோரே ஐயா? என்னங்க பண்றீங்க?

—புழுங்குது. செருப்பையும் பிடி.

—நடு ஆத்துல குளிக்கப் போறியா? நான் இங்கே அழிஞ்சுபோய் உக்காந்திருக்கேன், உனக்குக் குளியல் கேக்குது!

—நகரு.

—அது என் பெட்டி! டேய்! பெட்டியை வை! ஸிபிரி, பிடி அவனை! ஆத்துல போடப் போறான்! வைடா கீழே!

—விடுங்க வாத்தியாரே. அவரை விட்டுடுங்க.

—நீயுமா? உன்னை நம்பி ஏறினேனேடா! கையை எடு!

—எடுக்க மாட்டேங்க. என்னை அடிங்க, பரவாயில்ல. எனக்கு இந்தப் படகு ஒண்ணுதாங்க பொழைப்பு. பிடுங்கிடுவேன்னாங்க... அவர் போகட்டும் வாத்தியாரே. போகட்டும்!

—யார் பிடுங்கறேன்னா? என்ன உளர்றே? த்ராவோரே! நில்லுடா! எங்கே போறே?

—கரைக்கு!

—பெட்டியைத் தலையில வெச்சிருக்கான்! ஸிபிரி, அவன் பெட்டியைத் தலையில வெச்சிருக்கான்!

—அதைத்தாங்க நானும் சொல்றேன்!

—விடு, நானும் குதிக்கிறேன்! த்ராவோரே! நில்லு, வர்றேன்!

—வா, வா! தவளை மாதிரி நீந்தி வா! பக்கத்துல வராதே, அலை அடிக்குது. இடுப்பு வரைக்கும் வந்தாச்சு.

—என்னடா பண்றே? உன் தலையில இருக்கிறது என் சீட்டுடா! மஞ்சச் சீட்டு!

—கனக்குது. சீட்டா கல்லா? இதுலயும் காராமணிதான் அடைச்சிருக்கியா?

—ஐயோ, சிரிக்க வைக்காதே, தண்ணி வாய்க்குள்ள போகுது! முதுகு உடையும்னு சொன்னியே, இப்ப யாராவது பார்த்துட்டா?

—பார்க்கட்டும். நல்லாப் பார்க்கணும். அதுக்குத்தான் அங்கியைக் கழட்டிட்டு பட்டப் பகல்ல போறேன். இந்த நெட்டை உடம்பை ஜில்லாவுல தெரியாதவன் கிடையாது.

—யார் பார்க்கணும்? கரையில யாரும் இல்லையே! பசங்ககூடப் போயிட்டாங்களே!

—மார்பு. கொஞ்சம் வலப்பக்கம் நீந்து, நீரோட்டம் உன் மேல அடிக்கட்டும். எனக்குக் கால் நழுவுது.

—பத்திரம்டா! இடது கையால பின்பக்கத்தைப் பிடி! அப்படித்தான்! கழுத்து வரைக்கும் வந்துடுச்சு, தாடையைத் தூக்கு!

—தூக்கிட்டேன். நீ பேசிக்கிட்டே இரு. பேச்சு நின்னா நீ முங்கிட்டேன்னு நினைச்சுப்பேன்.

—அப்ப நீயும் பேசு. கிண்டலை விட்டுட்டு ஒரே ஒரு நிஜம் பேசு. ஒரு த்ராவோரேகிட்ட ஒரு ஜாரா கேக்கறேன். மத்தியானம் எதுக்குடா இந்தப் படகுல வந்து உக்காந்தே?

—சொன்னா நீந்தறதை நிறுத்த மாட்டியே?

—மாட்டேன். சொல்லு!

—துரைதான்டா உக்கார வெச்சான். அதோ அந்தப் புதருக்குப் பின்னால சிவப்புத் தொப்பிக் காவலருங்க ஒரு டஜன் பேர் மத்தியானத்துலேர்ந்து படுத்திருக்காங்க. பசங்க இந்தப் பெட்டியில கை வெச்ச அடுத்த நிமிஷம் நாற்பது பேரையும் பிடிச்சு, நீ பசங்களை அரசியல்ல இறக்கிட்டேன்னு சொல்லி உன் படையையே கலைச்சுடறதா ஏற்பாடு. படகை மணல்ல ஏத்தறது ஸிபிரி வேலை, பசங்களைக் கூப்பிடற வரைக்கும் உன்னைச் சீண்டறது என் வேலை. என் தலையில பெட்டி இருந்தா என்ன பண்ணணும்னு அவங்களுக்கு உத்தரவே இல்ல! சந்தையில நாம ஒருத்தரையொருத்தர் கழுதை, திருடன்னு ஏசிக்கிறதைத் துரை பத்து வருஷமா ஜன்னல் வழியா கேட்டிருக்கான். இந்த ஊர்லயே ஜாராவை அடியோட வெறுக்கிற ஒரே ஆள் நான்தான்னு நம்பி என்கிட்ட ஒப்படைச்சுட்டான்டா!